எந்த வாசலால் உள்ளே போவது?

நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து இராமேஸ்வரம் தீவு ஏறத்தாழ 45 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகருக்குள்ள தூரத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை. ஆயினும் நெடுந்தீவு மனிதர் ஒருவர் இந்தியாவுக்குப் போக விரும்பினால், முதலில் இந்தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். குமுதினியோ வடதாரகையோ எது ஓடுகிறதோ அதில் ஏறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பலாலிக்கோ காங்கேசன்துறைக்கோ மறுபடி வடக்கே ஏற வேண்டும். மேற்கே உள்ள நாட்டுக்குக் கிழக்கே நடந்து போகிற விசித்திரம் இது. சில ஆண்டுகளுக்கு முன்வரை இதுவும் இல்லை. கொழும்புக்கு ஓர் இரவுப் பிரயாணம், கட்டுநாயக்காவில் ஒரு காத்திருப்பு, அதன் பின்னரே சென்னை.

இப்போது வழிகள் திறந்திருக்கின்றன. ஆகவே ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழும் தீவகத்து அன்பர்கள், கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஊருக்கு வந்து, அங்கிருந்து இந்தியாவுக்கும் போவதென்றால் விமானமா, கப்பலா? இராமேஸ்வரத்து ரயில் வழி மறுபடி வருமா? மணிக்கணக்கையும் கட்டணத்தையும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய நாட்டுக்குள் எந்த வாசலால் நுழைகிறோம் என்பது பிரயாண வசதியோடு முடிகிற விடயமன்று. எங்கள் மக்களில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்த வாசல் ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் கட்டணத்தை மட்டும் பேசுவது அரைப் பேச்சு.

விமானத்தை முதலில் பார்ப்போம். பலாலிக்கு இது புதிய பெருமை என்று எண்ணுவோர் உண்டு. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது சேவையைத் தொடங்கியபோதே, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போயிற்று. பிறகு யுத்தம் வந்தது; ஓடுபாதை இராணுவத்தினுடையதாயிற்று; சூழவிருந்த கிராமங்கள் வேலிக்குள் போயின. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் அது திறந்துவைக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவுடன் நின்றது. 2022 டிசெம்பர் 12 இல் அலையன்ஸ் எயார் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. இவை யாவும் காற்றாடி பூட்டிய சிறிய ஏ.ரி.ஆர். விமானங்கள், சென்னைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வேலூருக்கோ சென்னைக்கோ போகிறவருக்கு வேறு யோசனை தேவையில்லை. விமானத்திற் போகட்டும். அதில் எனக்கு விவாதமே கிடையாது.

கப்பல் வேறு சாதி. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற விரைவுக் கலம் விடப்பட்டது. இரு நாட்டுத் தலைவர்களும் காணொளியில் வாழ்த்தினார்கள். அதே மாதம் 20 ஆம் திகதியுடன் மழைக்காலத்தைக் காரணங்காட்டி அது நின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஒக்டோபரில் வரும் என்பது இரு கரையிலும் உள்ள எந்த மீனவச் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. அதை அறியாதவர் போல் ஒக்டோபர் நடுப்பகுதியில் சேவையைத் தொடங்கியது திறப்புவிழாவுக்காகவேயன்றிப் பயணிகளுக்காக அன்று என்று அப்போது பலரும் கூறினார்கள். எனக்கும் அதே அபிப்பிராயந்தான். 2024 ஆகஸ்ட் 16 இல் தனியார் நிறுவனமொன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தூரம். கடல் நன்றாயிருந்தால் நான்கு மணித்தியாலம். கட்டணம் கட்டுக்குள் இருக்கும்பொருட்டு இந்திய அரசு மாதந்தோறும் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாவுக்கு மேல் உதவுவதாக அறிவித்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6 கோடியே 15 இலட்சம் டொலர் நன்கொடையும் உறுதியளித்தது. பணம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ஒழுங்கு மட்டும் தளம்புகிறது. மாரி வந்தால் நிற்கும். எப்போது மீண்டும் புறப்படும் என்பது பத்திரிகையைப் பார்த்தே தெரியவரும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்பது எங்கள் பக்கத்தவரின் உறுதியான நம்பிக்கை. ஆராய்ச்சியாளர் சிலரும் அவ்வாறு கருதியுள்ளனர். அக் காப்பியத்தின் நாயகி அங்கே வந்தது வான்வழியாக. உறங்கிக்கொண்டிருந்தவளைத் தெய்வம் தூக்கி வந்து இறக்கிவிட்டது. கடவுச்சீட்டுப் பரிசோதனை இல்லை. ஆனால் கப்பலில் வந்த ஆபுத்திரனின் கதி வேறு. காற்றுக் காரணமாகத் தீவில் ஒதுங்கிய கப்பலிலிருந்து அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. உணவளிக்க ஆளில்லாத அத்தீவில் அமுதசுரபியைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான். காங்கேசன்துறையில் பெட்டியுடன் வந்து, இன்று சேவை இல்லை என்று கேட்டுத் திரும்பும் நெடுந்தீவுக் கிழவிக்கு ஆபுத்திரனின் கதை புதிதாகத் தோன்றாது.

இத்தனைக்குப் பிறகும் நான் கப்பலின் பக்கமே நிற்கிறேன். காரணம் எளியது. விமானம் எங்களைச் சென்னையிலும் திருச்சியிலும் இறக்குகிறது. கப்பல் எங்களை எங்கள் பாட்டன்மார் இறங்கிய கரையிலேயே இறக்குகிறது. நாகபட்டினத்தில் இறங்கியவருக்கு நாகூரும் வேளாங்கண்ணியும் கைக்கெட்டும் தூரம். திருவாரூரும் சிதம்பரமும் பஸ் தூரம். தீவகத்துச் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் நூற்றாண்டுக்கணக்கில் போய்வந்த தலங்கள் அவை. ஊர்காவற்றுறை வெறும் கிராமமாக இருந்ததில்லை. ‘கயிற்ஸ்’ என்ற அதன் மறுபெயரே கப்பற்றுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பர். வன்னியிலிருந்து ஆனையிறவால் ஓட்டி வந்த யானைகளை அத்துறையிலேதான் கப்பலேற்றினார்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று. அக்கரையிலிருந்து அரிசியும் ஓடும் வந்தன. பாய்த்தோணிக்குக் காற்றைத் தவிர வேறு அனுமதிப்பத்திரம் தேவைப்படாத காலங்களும் இருந்தன.

இனி ரயில். ‘போட் மெயில்’ என்றவுடன் நம்மவரில் மூத்தவர்களின் முகத்தில் ஓர் ஒளி வரும். 1914 பெப்ரவரி 24 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்கு வந்து, அங்கே காத்திருக்கும் வண்டியில் கொழும்புக்குப் போனார். ஒரே பயணச்சீட்டு. இன்றைய எந்த ஏற்பாடும் அதற்கு ஈடாகாது. ஆயினும் அந்த ஏக்கத்தில் ஒரு சிறிய மறதி கலந்திருக்கிறது. அந்த வழி எங்களுக்காக அமைக்கப்பட்டதன்று. யாழ்ப்பாணத்தவர் அதிற் போக வேண்டுமானால் வவுனியாவையும் தாண்டித் தெற்கே மதவாச்சிவரை இறங்கி, வண்டி மாறி, மீண்டும் வடமேற்கே தலைமன்னாருக்கு ஏற வேண்டும். தீவகத்தவருக்கு அதன் முன்னே கடலும் உண்டு. போட் மெயில் கொழும்பின் வியாபாரத்துக்கும் மலைநாட்டின் தேயிலைக்குமாக ஓடியது. தேயிலைக்குப் போனவர்கள் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் வைத்திருந்த தடுப்பு முகாமில் நிறுத்தப்பட்டு, நோய்ப் பரிசோதனை முடிந்த பின்னரே கப்பலேற்றப்பட்டார்கள்.

1964 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் வாசலில் நின்ற ரயிலும் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1984 வரை ஓடி, யுத்தத்தோடு நின்றது. இப்போது தலைமன்னாருக்கு 2015 மார்ச் முதல் மீண்டும் ரயில் வருகிறது. அக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 இல் திறக்கப்பட்டது. நடுவே ஒரு கப்பல்தான் இல்லை. 2024 டிசெம்பரில் இரு நாட்டுக் கூட்டறிக்கையிலே இராமேஸ்வரம் – தலைமன்னார்ச் சேவையை விரைந்து தொடங்க உழைப்பதென்று எழுதப்பட்டது. வந்தால் மன்னாருக்கு நல்லது. தீவகத்தவரின் கணக்கில் அது முன்போலவே சுற்று வழி.

மேலே சொன்ன மண்டபம் முகாமுக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், தேயிலைக்கு அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு அதே முகாமில் இறங்கினார்கள். 1983 இன் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தீவகத்திலிருந்தும் இரவுப் படகுகளில் ஓடிப்போனவர்கள் தங்கவைக்கப்பட்டதும் அங்கேதான். முகாம் ஒன்று, வந்த வழிகள் மூன்று. சிந்தித்துப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ‘கள்ளத்தோணி’ என்ற வசைச் சொல்லை இந்நாட்டில் மலைநாட்டுத் தமிழர்மேல் வீசினார்கள். அவர்களோ பெரும்பாலும் அரசாங்கத்தின் முகாமில் எண்ணப்பட்டு, அரசாங்கம் அறிந்த கப்பலில் வந்தவர்கள். வசை பேசியவர்களுள் யாழ்ப்பாணத்தவரும் இருந்தார்கள். மூன்று தசாப்தங்கள் கழித்து, உண்மையிலேயே இரவுத் தோணியில் ஏறி, முத்திரை இல்லாமல் அக்கரை சேர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த இரவுகளில் விமானமா கப்பலா என்று எவரும் கேட்கவில்லை. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னும் அதே கடலில் மனிதர்கள் ஏறினார்கள் என்றால், கரையில் நிற்பது அதைவிடப் பயங்கரமாக இருந்தது என்பதே பொருள். 1983 ஜூலைக்கும் 2012 க்கும் இடையே அவ்வாறு போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம் என்பது இந்திய அரசாங்கத்தின் கணக்கு. இன்னும் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021 இல் அம்முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியது, வந்த வாசல் மாறவில்லை. 2003 இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி. முப்பது வருடம் வரி கட்டினாலும், பிள்ளை பொறியியலாளரானாலும், அந்த முதலிரவு அழிவதில்லை. விமானத்தில் விசாவுடன் வந்து கே.கே. நகரில் வீடெடுத்து இருந்தவர் வேறு சாதி. அகதியாக வந்தவர் வேறு சாதி. ஊர் ஒன்று, யுத்தம் ஒன்று, வாசல்தான் வேறு.

2025 செப்டெம்பரில் இந்தியா ஓரளவு இரங்கியது. புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 ஆம் திகதிக்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நல்லது. ஆனால் இது குடியுரிமையன்று. அத்துடன், 2022 மார்ச் 22 முதல், இலங்கையின் பொருளாதாரம் வீழ்ந்தபோது தனுஷ்கோடி மணற்றிட்டுக்களில் கைக்குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டார்களே, அவர்கள் அந்தத் திகதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து நிலைமையோ இன்னும் வெட்கத்துக்குரியது. 1948 ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட துறையால் அன்றி நாட்டைவிட்டுப் போவதைக் குற்றமாக்குகிறது. 2025 இன் நடுப்பகுதியில், தமிழகத்திலிருந்து ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் பலாலிக்கு வந்திறங்கிய எழுபது வயது கடந்த ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் அனுமதியின்றிப் புறப்பட்டார் என்பதற்காக விமான நிலையத்திலேயே கைதுசெய்யப்பட்டார். உயிரைக் காக்க ஓடும்போது எந்த அங்கீகரிக்கப்பட்ட துறை திறந்திருந்தது? காங்கேசன்துறை இராணுவ வேலிக்குள் இருந்தது; தலைமன்னாரில் கப்பல் நின்றுவிட்டது; பலாலியில் குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டுமே இடமிருந்தது. அரசாங்கம் தானே மூடிய கதவால் போகவில்லை என்று முதியவரைத் தண்டிக்க முனைந்தது. கண்டனம் எழுந்தபின், கொள்கையை மாற்றுவோம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். உறுதிமொழி போதாது. யுத்த காலத்திற் புறப்பட்ட எவருக்கும் இந்தச் சட்டப்பிரிவு ஏற்புடையதன்று என்று பாராளுமன்றத்தில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அதுவரை முகாமில் இருப்பவர் எவரும் நம்பித் திரும்பமாட்டார்.

திரும்புவோருக்கும் கப்பலே பொருத்தம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முப்பது வருடக் குடித்தனத்தை விமானத்தின் பொதிக் கணக்குக்குள் அடக்க முடியுமா? தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள், சைக்கிள், சாமிப்படங்கள் எல்லாம் வரவேண்டும். 2011 இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்கொட்டியா பிரின்ஸ்’ ஓடிய சில மாதங்களில், ஒக்டோபரில் அகதிகளின் ஒரு தொகுதியினர் ஐ.நா. முகவரகத்தின் உதவியுடன் அதில் வந்தார்கள். அடுத்த மாதமே அக்கப்பல் நின்றது. அந்த வழியும் அத்தோடு போயிற்று. இப்போது காங்கேசன்துறையில் கப்பல் இருக்கிறது. திரும்பும் குடும்பங்களுக்கு மாதத்தில் ஒரு பயணத்தை ஒதுக்கி, பொதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, துறைமுகத்திலேயே பிறப்புப் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு மேசை போட்டால் என்ன குறைந்துபோகும்? மானியம் கொடுக்கும் அரசு இதை நிபந்தனையாகவே கேட்கலாம்.

கடலைத் திறந்துவிடு என்று எழுதும்போது நெடுந்தீவு, அனலைதீவு மீனவர்கள் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பயணிக்கு மூடியிருந்த அதே கடல், வாரத்தில் மூன்று இரவுகள் அக்கரை இழுவைப் படகுகளுக்குத் திறந்துதான் கிடக்கிறது. வலையும் போய், கடலடியும் வழித்தெடுக்கப்பட்டுவிட்டது. அவர்களின் கோபம் நியாயமானது. அந்த வழக்கைத் தீர்க்காமல் உறவுப் பாலம் பற்றிப் பேசுவோரை அவர்கள் நம்பாததும் நியாயமே. ஆனால் இழுவைப் படகுக்குப் பதில் பயணிகள் கப்பலை நிறுத்துவதன்று. முறைப்படி வந்துபோகும் மனிதர் பெருகினால், முறையற்று வரும் படகைப்பற்றிப் பேசவும் ஆளிருக்கும்.

ஆவணமில்லாமல் இரு கரையாரும் கூடுவது முடியாத காரியமுமன்று. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குத் தவக்காலத்தில் குறிகட்டுவானிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் நம்மவர் போகிறார்கள். இராமேஸ்வரத்திலிருந்து அவர்கள் வருகிறார்கள். 1974 உடன்படிக்கை, இந்திய யாத்திரிகருக்கு அங்கே பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று எழுத்திலேயே கூறுகிறது. 2024 இல் மீனவர் கைதைக் கண்டித்து இராமேஸ்வரத்தவர் வராமல் விட்டார்கள்; ஆயினும் வழமையான ஆண்டுகளில் இரு அரசுகளின் கடற்படைகளும் பார்த்திருக்கத்தான் அந்தச் சந்திப்பு நடக்கிறது. ஓரிரவும் ஒரு பகலும் நம்பிக்கை வைக்க முடிந்தவர்கள், ஒழுங்கான ஒரு கப்பலுக்கு ஏன் தயங்க வேண்டும்?

கேட்டவர்களுக்கு நேரான பதில் இது. சென்னையில் வேலை, வைத்தியம், அவசரம் என்றால் பலாலி. தஞ்சை மண்டலத்துக் கோயில்களும் நாகூரும் வேளாங்கண்ணியும் பார்ப்பதென்றால், தை பிறந்து கடல் அடங்கியபின் கப்பல். மின்னணு விசா இந்தியாவின் எல்லா வாசல்களிலும் செல்லாது. அறிவிக்கப்பட்ட வாசல்களில் மட்டுமே செல்லும். ஆகவே கப்பற்சீட்டு எடுக்குமுன், அன்றைய பட்டியலில் நீங்கள் இறங்கும் துறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து புறப்படுவோர் முதல்நாளே யாழ்ப்பாணம் வந்து தங்குவது நல்லது. காலைப் படகு பிந்தினால் கப்பல் நிற்காது. திரும்பும்போதும் அப்படியே, காங்கேசன்துறையில் இறங்கி, பஸ் பிடித்து, குறிகட்டுவானுக்குப் போய்ச் சேரும்போது நெடுந்தீவுக்குக் கடைசிப் படகு பெரும்பாலும் போயிருக்கும்.